ஐம்பது வார்த்தைக்கு ஒரு வார்த்தை

எங்க தாத்தாவுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனால் நொத்தேர், சொல்தா, கம்யூன், முசே எல்லாம் அவர் பேச்சில் தானாக வந்து விழும். பத்திரம் எழுதணும்னா நொத்தேர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர் சொல்தா. வீட்டு வரி கட்டணும்னா கம்யூன் ஆபீஸ். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் போய்விட்டது, வார்த்தைகள் போகவில்லை. வில்லியனூர், பாகூர் பக்கம் இன்றைக்கும் நாங்க கம்யூன் என்றுதான் சொல்கிறோம். எல்லையைத் தாண்டி கடலூர்ப் பக்கம் போனால் அதுவே ஊராட்சி ஒன்றியம்.

இந்த வார்த்தைகளைத் தாத்தா நோட்டுப் போட்டு எழுதிப் படிக்கவில்லை. ஒவ்வொண்ணும் ஒரு காரியத்தோடு வந்தது. சுத்தி இருந்த பேச்செல்லாம் தெரிஞ்ச தமிழ், நடுவில் ஒரே ஒரு வார்த்தைதான் புதுசு. அதுவும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை, திரும்பத் திரும்ப வந்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

படித்துப் படித்தே இங்கிலீஷ் வார்த்தைகளைச் சேர்ப்பது எப்படி என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளையெல்லாம் பிழிந்து பார்த்தால் தாத்தா கதையில் இருக்கிற இந்த மூணு விஷயம்தான் மிஞ்சுகிறது. ஆனால் நாம பிள்ளைகளுக்குச் சொல்கிற வழி இதற்கு நேர் எதிராக இருக்கு. அந்தத் தப்பை நானே பண்ணியிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்ன யோசனை

அக்கா பொண்ணு பாகூர் கம்யூனில் ஓர் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறினபோது அவள் ஒன்பதாவது. புத்தகம் கைக்கு வந்த முதல் வாரமே கேட்டாள்: "மாமா, ஒரு பக்கம் படிச்சா பாதி புரியல. என்ன பண்றது?"

எல்லா மாமாவும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "தினம் இங்கிலீஷ் பேப்பர் படி. தெரியாத வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் பார்த்து நோட்டுல எழுது."

ஆறு வாரம் எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கத்தை ரெண்டாகப் பிரிச்சுக் கோடு போட்டு, இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ். அழகான கையெழுத்து. அறுநூறு வார்த்தைக்கு மேல் இருக்கும். நான் அங்கங்கே தொட்டு இருபது வார்த்தை கேட்டேன். மூணுக்குத்தான் பதில் வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கு மூளை அவ்வளவுதான் போல மாமா" என்றாள்.

குறை அவள் மூளையில் இல்லை. என் யோசனையில் இருந்தது. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

அஞ்சுக்கு ஒண்ணு

கணக்குக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை. கீழே 25 வார்த்தை இருக்கிற ஒரு பத்தி. அதில் அஞ்சு வார்த்தை நான் இட்டுக்கட்டியவை, எந்த அகராதியிலும் தேட வேண்டாம்.

"பெரியப்பா விடியற்காலையில தொவனி எடுத்துக்கிட்டு ஏரிக்கரைக்குப் போனார். மதகு பக்கத்துல தண்ணி நிறைய கெமளி நின்னது. அவருக்கு நுமலு வந்துடுச்சு. கரையில நின்ன பாளுவனைக் கூப்பிட்டு, 'இன்னைக்கே நொவிடணும், இல்லேன்னா பயிர் தாங்காது' என்றார்."

என்ன நடந்தது? ஏரி தெரியுது, பெரியப்பா தெரியுது, ஏதோ அவசரம் என்பதும் தெரியுது. ஆனால் அவர் எதை எடுத்துக்கொண்டு போனார், அவருக்கு வந்தது கோபமா காய்ச்சலா, யாரைக் கூப்பிட்டார், என்ன செய்யச் சொன்னார், ஒண்ணும் பிடிபடவில்லை. ஒரு வார்த்தையை ஊகிக்கலாம் என்று பக்கத்தில் பார்த்தால் அங்கேயும் தெரியாத வார்த்தை உட்கார்ந்திருக்கு.

இத்தனைக்கும் இந்தப் பத்தியில் 80 சதவீதம் உங்களுக்குத் தெரிந்த வார்த்தைகள். அந்த 80-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியலாளர் பல வருஷம் இந்தக் கணக்கைப் போட்டவர். இங்கிலீஷில் அதிகமாகப் புழங்குகிற முதல் 2000 வார்த்தைகளைத் தெரிந்துகொண்ட ஒருவர் செய்தித்தாளைத் திறந்தால், அதில் வருகிற வார்த்தைகளில் சுமார் 80 சதவீதம்தான் அவருக்குத் தெரிந்ததாக இருக்கும். ஒன்பதாவது படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைக்கு 2000 வார்த்தை தெரிஞ்சிருந்தாலே பெரிய விஷயம். அப்படித் தெரிஞ்சிருந்தும் பேப்பரைப் பிரித்தால் மேலே உள்ள பத்தி மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு கணக்கு. 400 வார்த்தையில் ஒரு செய்தி. அஞ்சுக்கு ஒண்ணு தெரியாது என்றால் 80 வார்த்தை. ஆள் பெயர், ஊர் பெயரெல்லாம் போக அறுபது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்த்து எழுத ஒரு நிமிஷம். ஒரே ஒரு செய்திக்கு ஒரு மணி நேரம் போச்சு. அதுக்குள்ள செய்தி என்ன சொல்லவந்தது என்பதே மறந்து போயிருக்கும். நாளைக்கு வேறு செய்தி, வேறு அறுபது வார்த்தை. இன்னைக்கு எழுதினதில் பெரும்பாலானவை நாளைக்குத் திரும்பி வராது, ஏனென்றால் அவை அரிதாக வருகிற வார்த்தைகள்.

ஐம்பதுக்கு ஒண்ணு

இப்போ இதைப் படிங்க. 50 வார்த்தை. இட்டுக்கட்டியது ஒண்ணே ஒண்ணு.

"பெரியப்பா விடியற்காலையில தொவனியைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு ஏரிக்கரைக்குப் போனார். மதகு பக்கத்துல மண் சரிஞ்சு வாய்க்கால் முழுக்க அடைச்சிருந்தது. தண்ணி வயலுக்குப் போகாம தேங்கி நின்னது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு முழங்கால் தண்ணியில இறங்கினார். கொஞ்சம் கொஞ்சமா மண்ணை வெட்டி வெட்டிக் கரையில போட்டார். அரை மணி நேரத்துல தண்ணி ஓட ஆரம்பிச்சது. அப்புறம் இரும்பு முனையில ஒட்டின சேத்தை வாய்க்கால்லயே கழுவிட்டு டீ குடிக்கக் கடைத்தெருப் பக்கம் திரும்பினார்."

தொவனி என்றால் மண்வெட்டி. யாரும் சொல்லித் தரவில்லை, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இந்த இடத்தில் தெரிந்த வார்த்தை 98 சதவீதம். ஒரு கதையை அகராதி இல்லாமல், ஆள் துணை இல்லாமல் படித்து ரசிக்க அந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நேஷனும் கூட ஆராய்ந்தவர்களும் வந்து சேர்ந்த முடிவு. பேப்பரையோ பெரியவர்களுக்கான நாவலையோ அந்த 98-ல் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-ல் அவர் கணக்கிட்டார். ரீட், ரீட்ஸ், ரீடர், ரீடிங் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்.

ஆக, 2000-க்கும் 8000-க்கும் நடுவில் பெரிய பள்ளம். "பேப்பர் படி" என்று சொல்வது அந்தப் பள்ளத்தை ஒரே தாண்டாகத் தாண்டு என்று சொல்வது மாதிரி. வழி என்னவென்றால், பிள்ளைக்குத் தெரிந்த அளவுக்கு ஏற்ற புத்தகத்தைக் கையில் கொடுப்பது.

டாக்காவில் கண்டுபிடித்தது

இந்த ஐம்பதுக்கு ஒண்ணு என்ற கணக்கு நம்ம துணைக் கண்டத்திலேயே நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்துவிட்டது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அப்போதைய வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளிப் பிள்ளைகளின் இங்கிலீஷ் படிப்பைப் பற்றி 1926-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஐம்பது வார்த்தைக்கு ஒரு புது வார்த்தைக்கு மேல் வந்தால் புரிதல் கெடும் என்கிறார். அப்போதைய பாடப் புத்தகங்களில் அரிய வார்த்தைகள் மண்டிக் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு, புழக்கத்தில் உள்ள வார்த்தைகளைப் போட்டு, புது வார்த்தைகளை இடைவெளி விட்டு வைத்து வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தார். இன்றைக்கு உலகம் பூராவும் விற்கிற, படிப்படியாகக் கடினம் கூடுகிற கதைப் புத்தக வரிசைகளுக்கு அதுதான் முன்னோடி.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. 'சரண்டர் வேல்யூ' என்ற வார்த்தையை அவர் படிப்புக்குப் போட்டார். எல்ஐசி பாலிசி வைத்திருக்கிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாலிசியைப் பாதியில் முறித்தால் கையில் என்ன வரும் என்பதுதான் அது. வங்காளத்தில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அப்படி நிறுத்துகிற பிள்ளையின் கையில் இந்த இங்கிலீஷ் படிப்பால் என்ன மிஞ்சும் என்று கேட்டார். எளிய புத்தகத்தைத் தானாகப் படிக்கத் தெரிந்தால் அது மிஞ்சும், பள்ளியை விட்ட பிறகும் வளரும் என்பது அவர் வாதம்.

எங்க பக்கம் இந்தக் கேள்வி பழசாகவில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளையிடம் அறுநூறு வார்த்தை எழுதின நோட்டு இருக்கும். அதற்கு சரண்டர் வேல்யூ எவ்வளவு?

ஃபிஜியில் செய்து பார்த்தது

கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்டாரே, அந்த ஃபிஜி. அங்கே 1980-ல் வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நாலாவது, அஞ்சாவது படிக்கிற கிராமத்துப் பிள்ளைகள். வீட்டில் பேசுவது வேறு மொழி, பள்ளியில் இங்கிலீஷ். சுற்றி எங்கும் புத்தகம் கிடையாது. எங்க ஊர்ப் பள்ளிகளின் நிலைமைக்கு ரொம்பப் பக்கம்.

எட்டுப் பள்ளிகளுக்கு ஆளுக்கு 250 கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். படம் போட்ட, பிள்ளைகள் விரும்பிப் படிக்கிற புத்தகங்கள். தினம் 20 முதல் 30 நிமிஷம். சில பள்ளிகளில் பிள்ளைகள் தாங்களாகவே படித்தார்கள், சிலவற்றில் ஆசிரியர் படித்துக் காட்டிப் பேசினார். மற்ற சில பள்ளிகளில் வழக்கமான பாடமே நடந்தது. எட்டு மாசம் கழித்துப் பார்த்தால், புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த வருஷம் அந்த முன்னேற்றம் எழுத்துக்கும் பரவியது.

பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. புத்தகமும் தினம் அரை மணி நேரமும்தான்.

ஒரு தடவை போதாது

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான். கதை படித்தால் வார்த்தை தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது.

ஜப்பானில் ராப் வேரிங், மிசாகோ தகாகி என்ற இருவர் 2003-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாணவிகளுக்குச் சுமார் 6000 வார்த்தை உள்ள எளிமையாக்கப்பட்ட கதை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் 25 வார்த்தைகளை எடுத்துவிட்டு, மேலே நான் செய்தது போல இட்டுக்கட்டிய வார்த்தைகளைப் போட்டிருந்தார்கள். படித்து முடித்தவுடன் 25-ல் சராசரியாக நாலு அஞ்சு வார்த்தைக்குத்தான் அர்த்தம் எழுத முடிந்தது. மூணு மாசம் கழித்துக் கேட்டபோது சராசரியாக ஒரு வார்த்தைதான் தேறியது. கதையில் அதிகத் தடவை வந்த வார்த்தைகள்தான் கொஞ்சமாவது நின்றன.

ஒரு புத்தகம் படித்துவிட்டு "ஒண்ணும் நிக்கலையே" என்று சோர்ந்து போகிறவர்களுக்கு இது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். நிற்காதது இயல்பு. ஒரு சந்திப்பில் ஆள் முகம் மறந்து போகிற மாதிரிதான். எட்டு, பத்து தடவை பார்த்தால் மறக்காது. அத்தனை தடவை ஒரு வார்த்தையைப் பார்க்க வேண்டும் என்றால் நிறையப் படிக்க வேண்டும். நிறையப் படிக்க வேண்டும் என்றால் வேகமாகப் படிக்க முடிய வேண்டும். அதற்குப் புத்தகம் எளிதாக இருக்க வேண்டும்.

நிமிஷத்துக்கு 100 வார்த்தை என்பது மெதுவான வேகம்தான். தினம் 20 நிமிஷம் படித்தால் 2000 வார்த்தை. வருஷத்தில் 300 நாள் என்றால் ஆறு லட்சம். பேப்பரும் அகராதியுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 400.

வீட்டில் செய்தது

நோட்டை ஓரமாக வைக்கச் சொன்னேன். பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், நாலு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நிறையக் கதைகள் தமிழிலும் கிடைக்கும். இரண்டாம் நிலையில் ஆரம்பித்தோம். முதல் நாளே தகராறு. "இது சின்னப் பசங்க புக்கு மாமா. ஃபிரெண்ட்ஸ் பார்த்தா சிரிப்பாங்க."

நியாயமான பேச்சு. இதற்கு வழி அவள் தம்பி வழியாக வந்தது. அவன் மூணாவது. "அவனுக்குப் படிச்சுக் காட்டு" என்றேன். அக்கா படிக்கிறாள், தம்பி கேட்கிறான், யாரும் சிரிக்க மாட்டார்கள். அவன் "அப்படின்னா என்ன?" என்று கேட்கும்போது தெரியாத வார்த்தைக்கு இவள் ஓர் ஊகம் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் வந்தது.

அப்போது இன்னொன்று கவனித்தேன். அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்த வார்த்தைகளில் பாதி காதுக்குத் தெரிந்தவை. டவுட்டு என்று தினம் பத்து தடவை சொல்கிறவள், நடுவில் 'பி' என்ற எழுத்தோடு அதை அச்சில் பார்த்ததும் நின்றுவிட்டாள். அட்ஜஸ்ட், டென்ஷன், கேன்சல், ரிப்பேர் என்று தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான இங்கிலீஷ் வார்த்தைகள் நம்மிடம் இருக்கு. அவற்றின் எழுத்து முகம்தான் தெரியாது. சத்தமாகப் படித்ததில் காதும் கண்ணும் சேர்ந்துகொண்டன.

புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு கை போதும். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்குங்க. எளிய கதைப் புத்தகத்தில் பக்கத்துக்குச் சுமார் 250 வார்த்தை இருக்கும். அஞ்சு விரலும் மடங்கினால் சரியாக ஐம்பதுக்கு ஒண்ணு. பக்கம் முடிவதற்குள் கை மூடிக்கொண்டால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டை முழுசாகத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. நேஷனே வார்த்தைகளை நேரடியாகப் படிப்பதற்கு ஒரு பங்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறவர்தான். பாடத்தில் வருகிற அறிவியல், சமூகவியல் சொற்களைக் கதையில் எதிர்பார்க்க முடியாது, அதை எழுதித்தான் படிக்கணும். மற்றபடி, கதையில் மூணு தடவை எதிரே வந்தும் பிடிபடாத வார்த்தை மட்டும் நோட்டுக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டோம். அதுவும் தனி வார்த்தையாக இல்லை, வந்த வாக்கியத்தோடு. 'ரன்' என்றால் ஓடு என்று மட்டும் எழுதி வைத்தவள், கடையை ரன் பண்ணுவதையும் மூக்கு ரன் ஆவதையும் கதையில்தான் பார்த்தாள்.

புத்தகம் கிடைப்பதுதான் நிஜமான தடை. புதுச்சேரி நகரத்தில் 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கு. பாகூரிலிருந்து அதற்கு பஸ் ஏறிப் போகணும். பள்ளியில் அலமாரி இருந்தாலும் சாவி எங்கே என்று கேட்க வேண்டிய நிலைமை பல ஊர்களில் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூணு கிராமங்களைத் தானமாக எழுதிக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. இப்போ அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஐம்பது மெல்லிய கதைப் புத்தகமும் பூட்டாத அலமாரியும் போதும்.

அக்கா பொண்ணு இன்னும் இங்கிலீஷ் பேப்பர் படிப்பதில்லை. மூணாம் நிலை, நாலாம் நிலை தாண்டி இப்போ அறுபது எழுபது பக்கத்தில் எளிமையாக்கப்பட்ட நாவல்கள் படிக்கிறாள். பாடப் புத்தகம் இன்னும் கஷ்டம்தான், ஆனால் ஒரு பக்கத்தில் நின்று அழுவதில்லை. போன வாரம் படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் தலையைத் தூக்கி, "மாமா, ரிலக்டன்ட்னு இதுல வருதுல்ல, இது அந்த யானை கதையிலயும் வந்துச்சு. ஆத்துல இறங்கமாட்டேன்னு நிக்குமே, அங்க" என்றாள்.

நான் அர்த்தம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.